வியாழக்கிழமைக் கால்கள்

“…அப்போ ஃபெயில்னு எழுதித் தூக்கிப் போட்ட வியாழக்கிழமையெல்லாம் நிஜம், பத்திரமா வெச்சிண்டிருக்கற மத்த நாளெல்லாம் வெந்நீர். அப்படித்தானே சொல்றேள், முத்து அண்ணா?”

ஹரிணி என்னிடம் இதைக் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை காலை. செம்பூர்ப் பக்கம் நாங்கள் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில், பாட்டில் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண், பிஎச்.டி. முடிக்கும் தறுவாயில் இருந்தார். நான் அங்கே டெக்னீஷியன். கேட்டுவிட்டு அவர் என்ன செய்தார் என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதை மட்டும் எழுதினால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. முழுசாக எழுதினாலும் எனக்கு விளங்குமா என்பது சந்தேகம்தான். அந்த விஷயத்தில் யார் பக்கம் தப்பு, தப்பு என்று ஒன்று நடந்ததா இல்லையா என்பதிலேயே எனக்கு இன்னும் குழப்பம் தீரவில்லை.

போன மாதம் பழைய இடத்தை எட்டிப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது அங்கே ஆட்டுக்கால் வருவதில்லையாம். மூட்டுக் குருத்தெலும்பின் செல்கள் உறைந்துபோய்ச் சின்னக் குப்பிகளில் பார்சலாக வந்து இறங்குகின்றன. புதிதாகச் சேர்ந்தவர்கள், “அங்கிள், ஆட்டுக்காலா? சச்சி, நிஜமாவா?” என்று சிரித்தார்கள். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எனக்கு எழுத வருவது தமிழ்தான். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்கே தமிழ் படிக்க வராது. வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும்.

நான் படித்தது கம்மி. திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்து, பாட்டில் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தவன். குழாய்த் தண்ணீரில் மூன்று தடவை, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தடவை. அந்த பாட்டில்களின் லேபிளைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டினேன். பிறகு ஒவ்வொருவர் பின்னாலும் நின்று பார்த்துப் பார்த்துக் கை பழகியது. இப்படிச் சொன்னால் இரண்டு வரி. நடந்தது பத்துப் பன்னிரண்டு வருஷம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் ஆட்டுக்கால் வரவு எழுதுகிற என் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைப்பேன். குர்லா ஸ்டேஷனில் கூடை தூக்கி வருகிற ஒரு அம்மா சொன்னாள்: “இறங்குறவனுக்கு வழி விடாதவன் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் ஒத்தக்கால்லதான் நிப்பான்.” எங்கள் தலைமை விஞ்ஞானி ஜோஷி மேடம் சொன்னதும் அதே பக்கத்தில் இருக்கிறது: “நினைத்த விடை வந்தால் இன்னொரு தடவை செய். நினைக்காத விடை வந்தால் டீ குடித்துவிட்டு இன்னொரு தடவை செய்.” அவர் இந்தியில் சொன்னதை நான் தமிழில் எழுதிக்கொண்டேன்.

ஜோஷி மேடம் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருப்பார். யாராவது முடிவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால், நோட்டை மூடச் சொல்லிவிடுவார். “வாயால் சொல்லு, முதலிலிருந்து.” நாம் சொல்லச் சொல்ல, “ஃபிர்?” என்பார். பிறகு என்ன? அடுத்ததைச் சொன்னால் இன்னொரு “ஃபிர்?” அவ்வளவுதான் அவருடைய கண்டிப்பு. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து பாத்ரூமில் போய் ஒளிந்துகொண்ட டாக்டர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் வேலை என்னவென்று தாராவிக்காரன் பாஷையிலேயே சொல்கிறேன். ஒரு சந்தில் போகிறோம். வீடெல்லாம் பூட்டியிருக்கிறது. உள்ளே போகக் கூடாது. ஆனால் வாசலில் தொங்குகிற மீட்டர் பெட்டி, செருப்பு, தண்ணீர் டிரம், மணி ஸ்விட்ச் இதையெல்லாம் பார்த்தே அந்த வீட்டுக்காரன் எப்படிப்பட்டவன், யாரோடு பேச்சு வைத்திருக்கிறான் என்று ஓரளவு சொல்லிவிடலாம். செல்லின் மேல்சவ்வில் பதிந்திருக்கிற புரதங்கள் அந்த மாதிரி. அவற்றைக் கண்டுபிடிக்க, கைக்கு எட்டுகிற பொருள் மேலெல்லாம் ஒரு சீட்டு ஒட்டுகிறோம். சீட்டு கதவைத் தாண்டி உள்ளே போகாது. அப்புறம் வீட்டை இடித்து, சீட்டு ஒட்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கிறோம். அதுதான் வெளியே இருந்தது என்று அர்த்தம். செத்த செல்லென்றால் கதவு திறந்து கிடக்கும். சீட்டு உள்ளே போய்விடும். உள்ளே இருந்த பானை சட்டியெல்லாம் வாசலில் இருந்ததாகக் கணக்காகிவிடும். அதனால் முதலில் நீலச் சாயம் போட்டுப் பார்ப்போம். செத்ததெல்லாம் நீலமாகிவிடும். நீலம் அதிகமிருந்தால் அன்றைய வேலை வீண்.

ஆட்டின் கீழ்க்காலில், குளம்புக்குச் சற்று மேலே உள்ள மூட்டுதான் எங்களுக்கு வேண்டியது. தோலோடு வர வேண்டும். தோல் கிழியாமல் இருந்தால்தான் மூட்டுக்குள் கிருமி போகாது. ஸ்பிரிட்டில் துடைத்து, காற்றை வடிகட்டி விடுகிற பெட்டிக்குள் வைத்து, தோலைச் சுற்றி வெட்டி விலக்கி, மூட்டைத் திறப்பேன். திறந்ததும் சங்கின் உட்புறம் மாதிரி நீலம் கலந்த வெள்ளையில் மினுங்கும். பாக்குச் சீவல் போல மெல்லிசாகச் சீவ வேண்டும். ஒரு துளி சிவப்பு தெரிந்தால் எலும்பைத் தொட்டுவிட்டோம் என்று அர்த்தம்; அந்தச் சீவல் குப்பைக்கு. பிறகு மூன்று கழுவல். ஒரு மணி நேரம் ஒரு நொதியில், அப்புறம் மறுநாள் காலை வரைக்கும் இன்னொரு நொதியில், உடம்புச் சூட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். காலையில் வந்து பார்த்தால் சீவல் மாயமாகிவிடும். தண்ணீர் லேசாகப் பால் கலந்ததுபோல் இருக்கும். வலையில் வடித்துச் சுழற்றினால் குழாயின் அடியில் கடுகளவு வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டுதான் செல்கள். அதன் மேல் ஐஸில் வைத்துச் சீட்டு ஒட்டுவோம். பொறுக்கிய புரதங்களை ஜெல்லில் ஓட்டினால் நீலக் கோடுகளாகப் பிரியும். கோட்டை வெட்டி, பெயர் கண்டுபிடிக்கிற மெஷினுக்கு வேறோர் இடத்துக்கு அனுப்புவோம். வெட்டும்போது தொப்பி, கையுறை, முழுக்கைச் சட்டை. என் தலைமுடி ஒன்று விழுந்தால் போதும்; மெஷின் ஆட்டை விட்டுவிட்டு என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடும்.

கால் கொண்டுவருவது என் பொறுப்பு. தாராவியில் எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி சுல்தான் பாய் கடை. மேலப்பாளையத்துக்காரர், எனக்குப் பழக்கம். காலையில் காகிதத்தில் சுற்றி வைத்திருப்பார். ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு சயானில் பஸ் ஏறிவிடுவேன். வியாழக்கிழமைகளில் பாய் கல்யாண் சந்தைக்கு ஆடு பிடிக்கப் போய்விடுவார். அன்று அவருடைய மச்சான் கடையில் இருப்பார்.

ஒரு மழைக்காலத்தில் காலில் சேறும் சாணியுமாக வந்து, செல் வைத்திருந்த குப்பியெல்லாம் கிருமி பிடித்துக் கலங்கிப்போயின. ஜோஷி மேடம் என்னைக் கூப்பிட்டு, “முத்து, கால் சுத்தமாக வர வேண்டும்” என்றார். நானும் பாயிடம் போய், “கால் சுத்தமா வேணும் பாய், பெரிய மேடம் வருத்தப்படுதாவ” என்றேன். அதற்குப் பிறகு வந்த காலெல்லாம் பார்க்க அவ்வளவு அழகு. முடியில்லை, மண்ணில்லை. பாய் கத்தியால் மழித்து அனுப்புகிறார் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டேன். வியாழக்கிழமை மட்டும் மச்சான் முடியோடு கொடுப்பார். “பாயப் பாத்துப் படியுமய்யா” என்று அவரைத் திட்டிவிட்டு, லேபுக்கு வந்து நானே பிளேடால் மழித்துக்கொள்வேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் ஹரிணியின் ஜெல்லில் அந்தக் கோடு வந்தது. அளவுப் பட்டையில் எழுபதுக்கு நேராக, பட்டையாக, நல்ல நீலத்தில். மெஷின் பெயர் சொல்லிவிட்டது. செல்லுக்குச் சூடோ அடியோ பட்டால் உண்டாகிற ஒரு புரதம். வழக்கமாக உள்ளே கிடக்கும். இங்கே வெளியே நின்றது. செத்த செல்லிலிருந்து கசிந்திருக்கும் என்றார்கள் எல்லோரும். ஹரிணி என்னை நீலச் சாயம் போட்டு மூன்று தடவை எண்ணச் சொன்னார். செத்தது ரொம்பக் கொஞ்சம். ஆக, அது வாசலில்தான் நிற்கிறது. மற்ற ஊர் ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஏன் தெரியவில்லை? அவர்கள் செல்களை வாரக்கணக்கில் குப்பியில் வளர்த்துவிட்டுப் பார்க்கிறார்கள். நாம் காலிலிருந்து நேராக எடுக்கிறோம். நாள் முழுக்க உடம்புப் பாரத்தைத் தாங்குகிற செல், அடி வாங்கி வாங்கி இதை எப்போதும் போர்த்திக்கொண்டே இருக்கிறது. இதுதான் ஹரிணி சொன்ன காரணம். கேட்பதற்கு எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது! மூட்டை தூக்கிப் பிழைத்த எங்கள் அப்பாவின் தோள் ஞாபகம் வந்துவிட்டது.

ஜோஷி மேடம் சிரிக்கவில்லை. ஹரிணியை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். “முத்து, வாயால் சொல்லு.”

“பாய் கால வெட்டுறார், மேடம்.”

“ஃபிர்?”

“சுத்தம் பண்றார்.”

“ஃபிர்?”

“பேப்பர்ல சுத்தித் தர்றார். நான் ஐஸ்ல போட்டுக் கொண்டுவர்றேன்.”

சுத்தம் என்றதற்குத் தலையை ஆட்டினார். அவரே கேட்டு வாங்கிய சுத்தமல்லவா? அந்த இடத்தில் இன்னொரு “ஃபிர்?” போட்டிருந்தாலும் நான் கத்தி என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவு.

நடுநடுவே சில ஜெல்களில் அந்தக் கோடு வரவில்லை. “சீட்டு சரியா ஒட்டலை. ஃபெயில்னு எழுதிடுங்கோ அண்ணா” என்பார் ஹரிணி. எழுதினேன். அவர் நோட்டில் என் கையெழுத்துதான். ஜெல் ஓட்டுவது ஒருநாள், கால் வந்தது வேறொரு நாள். ஜெல் நாள் அவர் நோட்டில், கால் வந்த நாள் என் ரிஜிஸ்டரில்; இரண்டிலும் பொதுவாக இருந்தது கால் நம்பர் ஒன்றுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்படியே ஒன்றரை வருஷம் போனது. அந்தக் கோடு ஹரிணியின் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயமாகிவிட்டது. உதவித்தொகைக் காலமும் முடிந்தது. இனி நீட்டிக்க மாட்டார்கள். வருகிற திங்கட்கிழமை கமிட்டி முன்னால் பேச வேண்டும். அவர்கள் சரி என்றால் பட்டம்.

அந்தத் திங்களுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, மழை பெரிதாக வரும் என்று சொன்னார்களே என்று நான் சீக்கிரமே கிளம்பி பாய் கடைக்குப் போனேன். முன்னால் ஆளில்லை. பின்பக்கம் ஆவி பறந்தது. எட்டிப் பார்த்தால் அடுப்பில் ஒரு பெரிய அண்டா. வெந்நீருக்குள்ளே கால்கள், குளம்பு மேலே தெரிய நிற்கின்றன. பாய் ஒவ்வொன்றாக எடுத்துக் கத்தியின் முதுகால் இழுக்க, முடி வழுக்கிக்கொண்டு வருகிறது.

“என்னவே, இன்னைக்கு நமக்கு முந்தி வந்துட்டீரு?”

“இது யாருக்கு பாய்? பாயாவுக்கா?”

“ஒமக்குத்தான்வே! பாயாவுக்குன்னா ஒரு முக்கு. ஒம்ம மேடத்துக்கு ரெண்டு முக்கு. மாப்பிள்ளையக் குளிப்பாட்டுத மாதிரில்லா குளிப்பாட்டி அனுப்புதேன்.”

“எப்பத்துலேர்ந்து?”

“நீருதான சொன்னீரு, சுத்தமா வேணும்னு? அன்னையிலேர்ந்து. மச்சானுக்குப் பொறுமை கிடையாது, அவன் செய்யமாட்டான்.” என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். “ஏன்வே? டாக்டருமாரு சூப்பு நல்லா இல்லங்காவளா?”

இத்தனை வருஷமும் நாங்கள் அதைச் சூப்பு வைத்து முட்டிவலிக்காரர்களுக்குக் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நானும் ஒருநாளும் விளக்கிச் சொன்னதில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சூட்டுக்கு வருகிற புரதம். வெந்நீரில் முக்கிய கால்.

அன்றும் அந்த ஆட்டுக்காலை வாங்கிக்கொண்டுதான் போனேன். வழக்கம்போல் சீவினேன், கழுவினேன். வாயைத் திறக்கவில்லை. என்ன சொல்வது? மூட்டு தோலுக்குள் இருக்கிறது, சூடு அவ்வளவு தூரம் போகுமா என்று ஒரு நேரம் தோன்றும். ஆட்டுக்கால் என்ன தடிமன், போகாமல் எங்கே போகும் என்று இன்னொரு நேரம். செல் அந்தப் புரதத்தை வாசலில் வைத்தது பொய்யில்லையே, சூடு பட்டதால் வைத்தது, அதுவும் உண்மைதானே என்று வேறொரு நேரம். வீட்டில் சொன்னேன். என் மனைவி பேச்சியம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: “நீங்க பேசாம இருந்தா அந்தப் புள்ளைக்குப் பட்டம் கெடச்சிரும். ஆனா நீங்க என்னைக்குப் பேசாம இருந்திய?”

வியாழக்கிழமை மச்சானிடம் முடியோடு கால் வாங்கி வந்தபோதுதான் எனக்குச் சட்டென்று உறைத்தது. மத்தியானம் ஹரிணி கேன்டீனுக்குப் போனதும், அவருடைய ஜெல் நோட்டையும் என் ரிஜிஸ்டரையும் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டிப் பார்த்தேன். ஃபெயில் என்று நான் எழுதிய ஒவ்வொன்றுக்கும் நேரே, கால் வந்த நாள் வியாழன். ஒன்றுகூடத் தப்பவில்லை. கோடு நன்றாக விழுந்தவற்றில் ஒன்றுகூட வியாழன் இல்லை.

மேடத்திடம் போவதா, ஹரிணியிடம் போவதா? மேடத்திடம் போனால் அந்தப் பெண்ணை முதுகில் குத்தினதாகும். ஹரிணியிடம் போனால் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, அவர் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது இரண்டு நோட்டையும் விரித்துவைத்துச் சொல்லிவிட்டேன். சூப்பு வரைக்கும் சொன்னேன்.

“எப்போலேர்ந்து தெரியும் உங்களுக்கு?”

“செவ்வாய்க்கிழமைம்மா.”

“மூணு நாள்! ஊர்ல இருக்கறவா சொல்றதையெல்லாம் கடைசிப் பக்கத்துல எழுதறேளே, இது ஒண்ணை எழுதத் தோணலையா உங்களுக்கு?”

நான் ஏதோ பேச வேண்டுமே என்று, “சூடு கண்ட பூனை அடுப்பங்கரை அண்டாதும்பாங்க. அந்த செல்லும்…” என்று இழுத்தேன்.

“பூனை இல்லை அண்ணா. ஆடு.” சிரித்தார் என்று நினைத்தேன். இல்லை, கண் கலங்கியிருந்தது.

“வேற யாருக்கும் தெரியாதும்மா. பாய்கிட்ட நாளையிலேர்ந்து பச்சையா குடுங்கன்னு சொல்லிருவேன். நீங்க சொல்லாதீங்கன்னா நான் யார்கிட்டயும் வாயத் திறக்கமாட்டேன்.”

இதை நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். சொன்னது நல்லதா என்பது வேறு. அவர் என்னைப் பார்க்காமல், என் விரல் ஓடின வழியிலேயே தன் விரலையும் ஓட்டினார். ஒவ்வொரு வியாழனிலும் ஒரு நொடி நின்று நின்று கடைசிவரைக்கும் போனார். அப்புறம்தான் நான் முதலில் எழுதின அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“ஆமாம்மா” என்றேன்.

வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “பாய் கடை இப்போ திறந்திருக்குமா?”

“வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னால வரைக்கும் இருக்கும். எதுக்கும்மா?”

 அலமாரியைத் திறந்து எதையோ எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். என்னையும் கூட்டிக்கொண்டு டாக்ஸியில் போகும்போது ஜோஷி மேடத்துக்கு ஃபோன் போட்டார். “மேடம், திங்கட்கிழமை கமிட்டி வேண்டாம்” என்று இந்தியில் சொன்னார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. “ஃபிர்?” ஹரிணி ஜன்னல் வழியாகச் சயான் சர்க்கிளைப் பார்த்தபடி, “தெரியலை மேடம், போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றார்.

ஹரிணி வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. செல்லோடு வேலை என்று சொல்லியிருந்தாரே தவிர, ஆடு என்று அவர் அம்மாவுக்குத் தெரியாது. மூட்டைத் திறந்து சீவி நான் கொடுக்கிற வெள்ளைச் சீவலைத்தான் அவர் பார்த்திருக்கிறார். முழுக் காலைக் கையால் தொட்டதில்லை. கடை வாசலில் அவரைப் பார்த்ததும் பாய் பதறிப்போய், தொங்கிக்கொண்டிருந்ததை மறைக்கச் சாக்கை இழுத்துவிட்டார்.

“பாப்பா சைவம்லா? இங்க எதுக்குவே கூட்டிட்டு வந்தீரு?”

“பரவாயில்லை பாய். அண்டா எங்கே?”

பின்பக்கம் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் பையிலிருந்து எடுத்தது நீளமான தெர்மாமீட்டர். ஆவிக்குள் கையை நீட்டி அதைத் தண்ணீரில் நிறுத்தி, குனிந்து படித்து, நோட்டில் எழுதினார்.

“எவ்வளவு நேரம் முக்குவேள்?”

“ஒரு கிளாஸ் டீ குடிக்கிற நேரம், பாப்பா.”

“சூடா இருக்கற டீயா, ஆறின டீயா?”

பாய் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது? “சூடுதான்” என்றார் கடைசியில்.

“ஒரே ஆட்டோட நாலு காலும் வேணும். முக்காம, பச்சையா.”

பாய் எடுத்து வைத்தார். முடியும் மண்ணும் அப்படியே இருந்தன. “இது ரெண்டும் வியாழக்கிழமை, மத்த ரெண்டும் வெந்நீர்; ஒரே ஜெல்லுல ஓட்டிப் பாத்துடலாம் அண்ணா” என்று ஹரிணி இரண்டை என் ஐஸ் பெட்டியில் போடச் சொன்னார். மீதி இரண்டையும் அண்டாவில் போடப் பாய் கையை நீட்டினார். “வேண்டாம் பாய்” என்று தடுத்தார். குர்த்தாக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு, என்னிடம் ஃபோனைக் கொடுத்து நேரம் பார்க்கச் சொன்னார். பிறகு கையுறைகூட இல்லாமல், இரண்டு கால்களையும் குளம்பில் பிடித்துத் தூக்கி, தானே மெதுவாக வெந்நீருக்குள் இறக்கினார்.